மரக்கால் யார் கையில்?

(தஞ்சாவூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழத்தஞ்சைச் சனத்துக்கு அளவைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. களத்துமேட்டில் மரக்கால் பண்ணையார் கையில் இருந்தது. அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்துக்குப் பதிலாக, 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். மரக்கால் எவன் கையிலோ, கணக்கும் அவன் கணக்குத்தான்.

இன்றைக்கு இரத்தத்தையும் அளக்க முடியும். நம் இரத்தத்தில் தீட்டு இருக்கு என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னவன் எவனும் அதை அளந்து காட்டியதில்லை. ஈயமும் பாதரசமும் இருந்தால் கருவி காட்டிவிடும். 100 மில்லி இரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்பது கணக்கு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். குழந்தை இரத்தத்தில் ஈயம் 10 இருந்தால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1991இல் சொன்னது. 2012இல் அது 5 ஆனது. 2021இல் 3.5. விஷம் அதே விஷம்தான், மரக்கால் மாறிவிட்டது.

ஆனால் இரத்தத்துக்கு ஞாபகம் குறைவு. வேலையை விட்டுச் சில மாதத்தில் இரத்தத்துப் பாதரசம் வெகுவாகக் குறைந்துவிடும். ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்புக்குள் போனதோ வருசக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

கொடைக்கானலில் நடந்தது இதுதான். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்த பிறகு. தொழிலாளர்கள் 2006இல் உயர்நீதிமன்றம் போனார்கள். 2007இல் அமைந்த நிபுணர் குழு, நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்றது. ஆறு வருசம் கழித்து இரத்தத்தில் எதைத் தேடுவது? 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சக அறிக்கை தொழிலாளர் பக்கம் பேசியது. கம்பெனி கடைசிவரை மறுத்தது. 2016இல் 591 பேருக்கு உடன்பாடு வந்தது. கொடுத்ததற்கு நட்டஈடு என்று பேரில்லை, கருணைத்தொகை என்று பேர்.

காவிரி பொய்த்தால் நம்ம பிள்ளைகள் பழைய பேட்டரி உடைக்கவும் பித்தளை உருக்கவும் ஊரைவிட்டுப் போகிறார்கள். இரண்டிலும் ஈயம் உண்டு. அதனால் கேளுங்கள்: வேலையில் சேரும்போது ஒரு சோதனை, வேலையில் இருக்கும்வரை தவறாமல் சோதனை. விரலில் குத்தினால் ஒட்டியிருக்கிற தூசியே கணக்கைக் கெடுக்கும். நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள். தேதி போட்ட அறிக்கையில் ஒரு நகல் தொழிலாளி வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும்.

வங்கியில் கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன். ஏட்டில் ஏறாத வரவு, வரவே இல்லை என்றுதான் சாதிப்பார்கள். வேலை கேட்கும் வாயால் இதையும் கேட்போம்.