வீட்டுக்கு வெளியே ஒரு சிகிச்சை: அமெரிக்க உறைவிடப் பள்ளிகளும் அவற்றின் நீண்டகால விளைவுகளும்

(மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுத்தாலோ, போதைப் பொருளைத் தொட்டாலோ, பெற்றோரோடு ஓயாது சச்சரவிட்டாலோ, வசதியுள்ள குடும்பங்கள் நாடும் ஏற்பாடு ஒன்று உண்டு. 'சிகிச்சை உறைவிடப் பள்ளி' என்பது அதன் பெயர். பாடமும் மனநலச் சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கும் என்பது விளம்பரம். மாதக் கட்டணம் பல ஆயிரம் டாலர் ஆகும். வீட்டை அடமானம் வைத்தும், கல்லூரிப் படிப்புக்கெனச் சேமித்ததை எடுத்தும் இதனைச் செலுத்திய பெற்றோர் உண்டு. பிள்ளையைக் கொண்டுசேர்க்கவே கூலிக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களும் தோன்றின. நள்ளிரவில் படுக்கையிலிருந்து எழுப்பி, செல்லுமிடம் எதுவென்று கூறாமலே அழைத்துச் செல்வது அவற்றின் வழக்கம்.

இம்முறையின் மூலம் மருத்துவத்தில் இல்லை. 1958-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சார்லஸ் டீடெரிக் என்பவர் போதைக்கு அடிமையானோருக்காக 'சினனான்' என்னும் அமைப்பை நிறுவினார். வட்டமாக அமர்ந்து, நடுவில் அகப்பட்டவரை மற்றவர் அனைவரும் ஏசி, அவர் மனத்தை உடைப்பது அங்கு முக்கியப் பயிற்சியாக இருந்தது. அதனை 'விளையாட்டு' என்று அழைத்தனர். 1967-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'சீடு' பள்ளிகளும், 1970-இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய 'எலான்' பள்ளியும் இம்முறையைச் சிறுவர்களிடம் கொண்டு சென்றன. வளர்ந்தவர் விரும்பி ஏற்றதைச் சிறுவர்மீது சுமத்தியதே இம்மாற்றத்தின் சாரம். அதே 1970-இல் புளோரிடாவில் தொடங்கிய வேறொரு திட்டத்துக்கு மத்திய அரசின் மானியமும் கிடைத்தது. 1974-இல் செனட் துணைக்குழு ஒன்று அதன் முறைகளைக் கொரியப் போரில் கைதிகள்மீது கையாளப்பட்ட மூளைச்சலவையோடு ஒப்பிட்ட பின்னரும், அதே வழியில் 1976-இல் மற்றொரு நிறுவனம் எழுந்தது. மானியம் நின்றாலும் சந்தை நிற்கவில்லை.

அச்சந்தையின் அமைப்பைப் பொருளியல் மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். பணம் கொடுப்பவர் பெற்றோர். சேவையைப் பெறுபவர் பிள்ளை. சேவையின் தரத்தை அறிந்தவர் பிள்ளை ஒருவரே. ஆனால் பல பள்ளிகளில் அவர் எழுதும் கடிதங்கள் படித்துப் பார்க்கப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டன. தொலைபேசிப் பேச்சின்போது அலுவலர் உடனிருந்தார். 'வீடு திரும்புவதற்காகப் பிள்ளை பொய் சொல்லும், நம்பாதீர்கள்' என்று பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டது. முறையீடே நோயின் அறிகுறி எனக் கொள்ளப்பட்டால், தரத்தைப் பற்றிய செய்தி வாங்குபவரை எவ்வாறு எட்டும்? சிகிச்சை முடிந்ததா என்பதைத் தீர்மானிப்பவரும் கட்டணம் பெறுபவரே. இத்தகைய சந்தையில் போட்டி தரத்தை உயர்த்தும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

விளைவுகளைப் பற்றிய சான்று நிறைவானதன்று. 2006-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மாணவர்கள் நலம் பெற்றதாகக் கூறியது. அதற்கு நிதி அளித்தது பள்ளிகளை நடத்திய நிறுவனமே. சிகிச்சை பெறாத பிள்ளைகளோடு ஒப்பீடும் அதில் இல்லை. இங்கு நினைவுகூரத்தக்கது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. அது உறைவிடப் பள்ளி பற்றியதன்று. எனினும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். 506 சிறுவர்கள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினருக்குச் சராசரி ஐந்து ஆண்டுகள் ஆலோசனையும் பாட உதவியும் கோடை முகாம்களும் அளிக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு அவர்களைத் தேடிப்பிடித்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றோரில் பெரும்பாலோர் அது பயனளித்ததாகவே கூறினர். ஆனால் குடிநோய், கடும் மனநோய், அகால மரணம் ஆகியவற்றில் உதவி பெறாதவரைவிட அவர்கள் நிலையே மோசமாக இருந்தது. முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடமே கேடு மிகுதி என்று பிற்கால ஆய்வு காட்டியது. தொல்லை தரும் பிள்ளைகளை ஒன்றுகூட்டினால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கின்றனர். 2004-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவும், அச்சுறுத்தலை அடிப்படையாகக் கொண்ட திட்டங்கள் பயனற்றவை, தீங்கும் விளைவிக்கக்கூடும் என்றே முடிவு செய்தது.

முன்னாள் மாணவர்களின் கூற்றுகள் ஒரே திசையில் செல்லவில்லை. உயிர் பிழைத்ததே அப்பள்ளியால்தான் என்போர் இருக்கின்றனர். அவர்களைப் பொய்யர் எனத் தள்ளுவது நியாயமன்று. மற்றோர் நாற்பது வயதிலும் கதவு தட்டும் ஓசைக்குத் திடுக்கிட்டு விழிப்பதாகக் கூறுகின்றனர். மிகப்பலர் கூறுவது பெற்றோரைப் பற்றியதே. அடித்த அலுவலரை மறக்க முடிந்தது, இரவில் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாயை மன்னிக்க இயலவில்லை என்பது அவர்களின் குறை. அந்தத் தாயோ தன் கடைசி நம்பிக்கையைச் செலவிட்டவள். பின்னாளில் உண்மை தெரியவரும்போது குற்ற உணர்வு அவளையும் வாட்டுகிறது. வீட்டிலேயே இருந்த தம்பி தங்கையர், தவறு செய்தால் தாமும் மறைந்துபோவோம் என்று அஞ்சி வளர்ந்த குடும்பங்களும் உண்டு. இவை எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2007-இல் அளித்த அறிக்கை, 1990 முதல் 2004 வரை இத்தகைய திட்டங்களில் நிகழ்ந்த 10 சிறார் மரணங்களை ஆராய்ந்தது. பயிற்சியற்ற ஊழியர், போதாத உணவு, நோயை நடிப்பெனக் கருதிய அலட்சியம் ஆகியவை மீண்டும் மீண்டும் தென்பட்டன. 2005-இல் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் கொடுமைச் சம்பவங்களில் தொடர்புற்றிருந்ததும் பதிவாகியுள்ளது. ஆயினும் உறைவிடங்கள் மிகுந்த யூட்டா மாநிலம் விதிகளை இறுக்கியது 2021-இல்தான். ஆண்டுக்கு நான்கு ஆய்வுகள், குடும்பத்தோடு வாரந்தோறும் தனித்துப் பேசும் உரிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னதே பெரிய சீர்திருத்தம் எனலாம். தரம் பற்றிய செய்தி வெளியேறும் வழி அதனால் திறக்கப்பட்டது. 2024 டிசம்பரில் மத்தியச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. அது பெரிதும் ஆய்வுக்கு வகை செய்வதே, நேரடிக் கட்டுப்பாடு விதிப்பதன்று.

இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 87-ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிறார் சேர்க்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் மறு ஆய்வுக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சேர்க்கை 30 நாட்களைக் கடந்தால் குழுவின் மறு ஆய்வு கட்டாயமாகும். பெற்றோரின் சம்மதம் இருப்பினும் இவ்விதி தளர்வதில்லை. போதைப் பழக்கத்தால் நேரும் மனநிலைகளையும் இச்சட்டம் மனநோய் என்றே கொள்கிறது. ஆகவே, பெயர்ப்பலகையில் பள்ளி என்றோ மறுவாழ்வு இல்லம் என்றோ எழுதியிருப்பினும், அத்தகைய சிறாரைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் இடம் பதிவு செய்யப்பட்டதா என்று ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முதலில் கேட்கலாம். அடுத்து, அங்குள்ள பிள்ளை கடைசியாக வீட்டாரோடு தனியே பேசிய நாள் எது என்றும் கேட்கலாம்.