காத்திருக்கும் கைகள்

எங்கள் ஆரணியில் சாயம் தாமதித்தால் பாவு போடுவோர் கை ஓயும். பாவு தாமதித்தால் தறி ஓயும். வீடு கட்டுதலும் அத்தகையதே.

1997இல் தமிழக அரசு வகுத்த சமத்துவபுரத் திட்டத்தில் ஊருக்கு 100 வீடுகள்; அமைப்பு ஒன்றே. ஒரு குழு வீட்டிற்கு 4 நாளில் சுவரெழுப்ப, மற்றொன்று 2 நாளில் பூசுவதாகக் கொள்வோம். முதற்சுவர் முடிந்ததும் பூச்சுக்காரரை அழைத்தால் 2 நாள் வேலை, 2 நாள் வெறுங்கை. 202 நாள் கழித்து அழைத்தால் வேலை இடையறாது. முடிவதோ இருவழியிலும் 402ஆம் நாளே! சுவருக்கு இரு குழுக்கள் வைத்தால் ஏறக்குறையப் பாதி நாளில் முடியும்.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் வகுப்பறைகள் எழுந்தபோது, சித்தாள் அம்மையார் ஒருவர் கூலியின்றி வேப்பமரத்தடியில் காத்திருந்தார். அவர் மகன் அவ்வாரம் பசியோடு வகுப்பில் அமர்ந்திருந்தான். கணக்காசிரியனாகிய நான் அன்று இக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.