பன்னிரண்டு தாவணிகள்
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

சற்று முன்னர் இம்மேடையில் நம் காலனிச் சிறுமியர் பன்னிருவர் கும்மியடித்ததைக் கண்டு மகிழ்ந்தீர்கள். அவர்கள் அணிந்திருந்த வெண்ணிறத் தாவணிகளில் குறிஞ்சி மலர்கள் பூத்திருந்ததையும் கண்டீர்கள். அத்தாவணிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். அவற்றுக்கு அளவுக்கு மீறிச் செலவாயிற்று என்றும், கடைக்காரர் பழுதான வேலையைக் கொடுத்துவிட்டார் என்றும் சிலர் பேசிக்கொள்வது நம் செவிக்கு எட்டியது. ஆர்டர் கொடுக்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருந்தமையால், நடந்ததை உள்ளவாறு கூறுவது நம் கடமையாகும்.

மூணாறு கடைத்தெருவின் மாடி ஒன்றில் உள்ள சிறிய தையற்கடை அது. கடையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த அம்மையார் ஒருவர் அதனை நடத்துகிறார். அவருடன் இரு பெண்கள் வேலை செய்கின்றனர். ஆடி மாதத்து அடைமழையில், ஆண்டுவிழாவுக்கு இருபத்தைந்து நாட்கள் இருக்கும்போது, ஆண்டிபட்டிப் பக்கத்துக் கைத்தறித் துணியுடன் அவரிடம் சென்றோம். தாவணிக்குப் பதினைந்து மலர்கள். தாவணி ஒன்றுக்கு 650 ரூபாய் என்றார் அவர். நாம் பேரம் பேசி 550 ரூபாய்க்கு இறக்கினோம். மொத்தம் 6,600 ரூபாயில் 3,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தோம். சங்கத்திற்கு 1,200 ரூபாய் மிச்சப்படுத்திவிட்டோம் என்ற பெருமிதமும் நமக்கு இருந்தது.

அம்மையார் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கஞ்சி போட்ட கைத்தறி. முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே பூப்போட வேண்டும். இந்த மழையில் காய்வதற்கு ஒரு வாரம் ஆகும்," என்றார். ஒரு பூவை மாதிரிக்குப் போட்டுத் துவைத்துப் பார்க்கலாம் என்றும் கூறினார். நாமோ, "அதற்கெல்லாம் நாளில்லை அம்மா, உடனே தொடங்குங்கள், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினோம். பின்னால் வந்த துன்பமெல்லாம் இந்த ஒரு சொல்லால் வந்தது.

பூத்தையல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். வரைந்த தாளில் கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவர். தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்த்தால், படம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். பின்னர் மர வளையத்தில் துணியை இறுக்கி, காம்புக்கு ஒருவகைத் தையலும், இதழை நிரப்புவதற்கு வேறொரு வகைத் தையலும் இடுவர். கடையில் விற்கும் நூற்கண்டில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். மெல்லிய இதழுக்கு அவற்றில் இரண்டை மட்டும் பிரித்தெடுப்பர். ஒரு குறிஞ்சிப் பூவுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று என்பதைப் பின்னொரு நாள் அருகிலிருந்து கண்டோம். அவ்வாறாயின் ஒரு தாவணிக்குப் பத்து மணி நேரம். பன்னிரண்டுக்கு நூற்றிருபது மணி நேரம். நாம் பேசி முடித்த கூலி மணிக்கு 55 ரூபாய்! நூலும், கடை வாடகையும், மழைக்கால இருட்டில் பகலெல்லாம் எரியும் விளக்கும் அதற்குள்ளேயே அடங்கும்.

குறித்த நாளில் தாவணிகள் வந்தன. கண்டோர் அனைவரும் வியந்தனர். ஒத்திகையில் சேறு பட்டதனால் அவற்றைத் துவைத்தோம். காய்ந்த பின்னர் பார்த்தால், துணி சுருங்கியிருந்தது, தையல் சுருங்கவில்லை. இதழ்களைச் சுற்றிலும் துணி முகஞ்சுளித்தது போல் மடிந்து நின்றது. நான்கு தாவணிகள் மேடைக்கு உதவா என்னும் நிலையில் இருந்தன. விழாவுக்கோ எட்டு நாட்களே இருந்தன.

சினத்துடன் கடைக்குச் சென்றோம். மீதிப் பணம் 3,600 ரூபாயைத் தர இயலாது என்று, பிற வாடிக்கையாளர் முன்னிலையில் உரத்த குரலில் சொன்னோம். அம்மையார் எதிர்வார்த்தை பேசவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நம் ஆர்டர் எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார். "துணி நனைக்கவில்லை. மாதிரி வேண்டாம் என்றார்கள்," என்று அதில் எழுதி, நாம் வந்து சென்ற தேதியும் குறிக்கப்பட்டிருந்தது.

நாம் இரயில்வேயில் எழுத்தர் பணி செய்கிறவர்கள். பார்சல் கட்டு சரியாக இல்லையெனில், அக்குறையைச் சீட்டில் பதிவு செய்த பின்னரே சரக்கை ஏற்பது வழக்கம். அவ்வாறு பதிவு செய்துவிட்டால், கட்டின் குறையால் நேரும் சேதத்திற்கு, அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, இரயில்வே பொறுப்பாகாது. 1989 ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. எத்தனையோ வணிகர்களிடம் இந்த விதியைக் காட்டி வாதாடியிருக்கிறோம். அதே விதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஓர் ஏழை அம்மையார் நமக்குக் காட்டியபோது, தலை கவிழ்ந்து நின்றோம்.

அவர் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. "பிள்ளைகள் மேடையேற வேண்டுமே ஐயா," என்று மட்டும் சொன்னார். எட்டுத் தாவணிகளைப் பின்புறமாகத் திருப்பி, தடித்த துண்டின்மேல் ஈரத்துடன் இஸ்திரியிட்டுச் சுருக்கத்தை நீக்கினார். மற்ற நான்கின் தையலைப் பிரித்து, மூவரும் இரவெல்லாம் விழித்துப் புதிதாகப் பூப்போட்டுக் கொடுத்தனர். அதற்கென ஒரு காசும் கேட்கவில்லை. இவ்வளவும் செய்தவருக்கு மீதிப் பணத்தை இன்னும் நாம் கொடுக்கவில்லை.

அன்பர்களே! இந்த மலைக்கு நம் முன்னோர் வந்த வரலாற்றை ஆண்டுதோறும் இம்மேடையில் பேசுகிறோம். 1877 இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு இம்மலைகளை அளித்ததையும், போடி வழியாக நம்மவர் மலையேறி வந்ததையும், டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்ததையும் சொல்கிறோம். 2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் போனசுக்கும் கூலிக்கும் வீதியில் அமர்ந்தபோது, அவர்களுடைய துணிவைப் பாராட்டினோம். ஆனால் அந்தப் பெண்களின் தங்கையோ மகளோ கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஊசியைக் கையிலெடுத்தால், அவளிடம் நூறு ரூபாய் குறைக்கிறோம். இது முறையா?

கைவேலையின் மதிப்பை நாடு அறியாமல் இல்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் படம் வரையாமலே, துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக இடும் பூத்தையல் 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் மூணாற்றிலேயே சிருஷ்டி அறக்கட்டளையின் 'ஆரண்யா'வில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள், இலைகளிலிருந்தும் தேயிலைக் கழிவிலிருந்தும் சாயம் எடுத்துத் துணிகளுக்கு ஏற்றுகின்றனர். அத்துணிகளை வெளியூரார் விரும்பி வாங்குகின்றனர். உள்ளூரில் இருக்கும் நமக்குத்தான் அண்டை வீட்டாரின் கைத்திறன் மலிவாகத் தோன்றுகிறது.

இனிமேல் பூத்தையலுக்குத் துணி கொடுக்கும் தாய்மார்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்தே கொடுங்கள். நூலின் சாயம் இறங்குமா என்பதை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஒரு பூவை மாதிரிக்குப் போடச் சொல்லித் துவைத்துப் பாருங்கள். அளவு, நிறம், கூலி, முன்பணம், நாள் ஆகிய அனைத்தையும் இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலமாயின் ஒரு வாரம் கூட்டிக் கொடுங்கள். அனைத்திற்கும் மேலாக, தொழில் தெரிந்தவர் சொல்லும் எச்சரிக்கையைச் செவிமடுங்கள்.

இறுதியாகச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். மீதி 3,600 ரூபாயுடன், நாம் பேரத்தில் குறைத்த 1,200 ரூபாயையும் சேர்த்து, 4,800 ரூபாயை அந்த அம்மையாருக்குச் சங்கம் வழங்க வேண்டும். நான்கு தாவணிகளை மீண்டும் தைத்ததற்கு உரிய 2,600 ரூபாயைச் சங்கத்தின் மீது சுமத்துவதற்கில்லை. அது நம் அவசரத்தால் வந்த செலவு. ஆகவே அதனை நமது சம்பளத்திலிருந்து கொடுக்கிறோம். பணம் கொடுக்கச் செல்லும்போது, அன்று உரத்த குரலில் பேசியதற்குப் பிறர் கேட்கவே மன்னிப்பும் கேட்போம்.

நீலக்குறிஞ்சி இம்மலையில் 2018 இல் பூத்தது. இனி 2030 இல் பூக்கும் என எதிர்பார்க்கிறோம். அதுவரை இந்தப் பன்னிரண்டு தாவணிகளும் நம் பிள்ளைகளின் பெட்டிகளில் பத்திரமாக இருக்கட்டும். அவற்றை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், கூலி குறையாமல் கொடுத்து வாங்கிய பூக்கள் இவை என்று நாம் சொல்லிக்கொள்ளும்படி செய்யுங்கள்.