கலந்தாலோசனை எனும் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சற்று முன்னர் நமது ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, உங்கள் ஒப்புதல் கேட்கப்பட்டது. பத்து ரூபாய் சந்தா செலுத்துபவருக்கும் பதினாயிரம் ரூபாய் செலுத்துபவருக்கும் இங்கே ஒரே உரிமைதான். கேட்ட பின்னரே முடிவு என்ற இந்த ஒழுங்கை நமக்குக் கற்றுத் தந்தது மார்க்கம். இந்த ஒழுங்கு பள்ளிவாசலின் வாசற்படியோடு நின்றுவிட வேண்டியதுதானா? ஊராட்சியிலும், சாலையிலும், குடிநீர்க் குழாயடியிலும் அதற்கு இடமில்லையா? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உஹது தரும் படிப்பினை

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கே 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை என்று பெயர். இறைநம்பிக்கையாளர்களின் பண்புகளை எடுத்துரைக்கும் அவ்வத்தியாயத்தின் 38ஆம் வசனம், தம் காரியங்களைத் தமக்குள் ஆலோசித்து நடத்துவதைத் தொழுகைக்கும் தான தர்மத்திற்கும் நடுவே வைத்துப் பேசுகிறது. இரண்டு வணக்கங்களுக்கு இடையே வைக்கப்பட்ட ஒன்றை வெறும் நிர்வாக நடைமுறை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 625இல், குறைஷியரின் படை மதீனாவை நெருங்கியது. நகருக்குள் இருந்தவாறே எதிர்கொள்ளலாம் என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் கருத்தாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டாத இளைஞர்களோ வெளியே சென்று போரிட வேண்டும் என்று விரும்பினர். அண்ணலார் அவர்களின் கருத்துக்கு இடமளித்து உஹது மலையடிவாரத்திற்குச் சென்றார்கள். அங்கே ஏறத்தாழ எழுபது தோழர்கள் ஷஹீதாயினர். 'இனி எவரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையில்லை' என்று முடிவெடுக்க ஒரு தலைவருக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா? ஆனால் அதன் பிறகு அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், அவர்களை மன்னிக்குமாறும், காரியங்களில் அவர்களோடு தொடர்ந்து ஆலோசிக்குமாறும் கட்டளையிடுகிறது. வஹீ வரப்பெற்ற நபிக்கே இந்தக் கட்டளை என்றால், கோப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரிக்கும், வாக்குகள் பெற்று நாற்காலியில் அமரும் தலைவருக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் அது எத்துணை அவசியம்!

நொச்சிக்குப்பத்தில் நடந்தது

இனி, நம் காலத்து நிகழ்வு ஒன்றைச் சிந்திப்போம். சென்னை மெரினாவில் கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, சாந்தோம் அருகில் நொச்சிக்குப்பம் என்ற சிறிய மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஆண்கள் கடலுக்குச் செல்வர். கரை சேர்ந்த மீனை அவ்வீட்டுப் பெண்கள் அங்கேயே விற்பர். குடியிருப்புக்கும் கடலுக்கும் இடையே 'லூப் ரோடு' என்ற சாலை செல்கிறது. அச்சாலையோரமே அப்பெண்களின் சந்தை.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நாம் ரமலான் நோன்பிலிருந்த நாட்களில், அச்சாலையில் ஏற்படும் போக்குவரத்து நெரிசலைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு உத்தரவிட்டது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவ மக்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே நிறுத்திப் போராடினர். 'எங்கள் கடற்கரையின் மீதுதான் சாலை வந்ததே தவிர, சாலையின் மீது நாங்கள் வரவில்லை' என்பதே அவர்களது வாதத்தின் சாரம். பின்னர் நீதிமன்றம், புதிய அங்காடி கட்டி முடிக்கப்படும் வரை சாலையின் ஒரு பக்கத்தில் கட்டுப்பாடுகளுடன் விற்பனை செய்ய இடமளித்தது. 366 கடைகளைக் கொண்ட அந்த நவீன மீன் அங்காடி 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது.

சகோதரர்களே, இதில் நாம் நீதியோடு பேச வேண்டும். சாலைக்கும் உரிமை உண்டு. பாதையோரங்களில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனம் நெரிசலில் சிக்கினால் அந்தப் பாவத்திற்கு யார் பொறுப்பு? ஆகவே, நெரிசலைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை நாம் குறை கூற இயலாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அகற்றுவது முந்திக்கொண்டது, கேட்பது பிந்திவிட்டது. மீன் எத்தனை மணிக்குக் கரை சேரும், கட்டடத்திற்குள் வைத்தால் வாங்குவோர் வண்டியை நிறுத்தி உள்ளே வருவார்களா, வலையை எங்கே உலர்த்துவது என்பனவெல்லாம் அலுவலகத்தில் அமர்ந்திருப்போருக்குத் தெரியாது. கூடையைச் சுமக்கும் தாய்க்குத் தெரியும். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால், அந்த ஏப்ரல் மாதத்தில் படகுகள் சாலைக்கு வந்திருக்கத் தேவையில்லை.

அக்கரையோர மக்களுக்கு இது முதல் அனுபவமும் அன்று. 1985ஆம் ஆண்டு மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்த முற்பட்டபோது மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். அழகு தேவைதான், அல்லாஹ் அழகை நேசிப்பவன். ஆயினும், யாருடைய கண்ணுக்கான அழகு, யாருடைய வயிற்றின் மீது நிற்கிறது என்று கேட்காத அழகு, அநீதியாக முடிந்துவிடுகிறது.

வரைபடத்திற்கும் இது பொருந்தும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலச் சட்டத்தின்படி தயாரிக்கப்படும் வரைபடத்தில் மீனவ கிராமங்களும், அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களும் குறிக்கப்பட வேண்டும். 2019ஆம் ஆண்டு அறிவிக்கையை ஒட்டித் தமிழகத்தில் தயாரிக்கப்பட்ட வரைவு குறித்து 2023 ஆகஸ்டில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடைபெற்றபோது, படகு நிறுத்தும் இடங்களும் மீன் உலர்த்தும் இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் முறையிட்டனர். வரைபடத்தில் இல்லாத இடம், நாளை காலி இடம் என்று எழுதப்படும். காலி இடம் என்று எழுதப்பட்டது, அதற்கு மறுநாள் வேறொருவருக்கு ஒதுக்கப்படும். அதனால்தான் அந்த மக்கள் கூட்டத்திற்குச் சென்று பேசினார்கள்.

மலைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?

'ஹஜ்ரத், நாம் சேர்வராயன் மலையில் இருக்கிறோம். கடற்கரைக் கதை நமக்கு எதற்கு?' என்று நீங்கள் எண்ணலாம். இரண்டும் பிறர் வந்து பார்த்து மகிழும் இடங்கள் என்பதே முதல் ஒற்றுமை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து விருந்தினர்கள் ஏற்காட்டுக்கு வருகிறார்கள். கரடியூர் காட்சி முனையில் நின்று பள்ளத்தாக்கைக் கண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களை மதிப்பது நம் கடமை. அவர்களால் நம்மில் பலருக்கு வாழ்வாதாரமும் கிடைக்கிறது. ஆனால் இரவில் இங்கே உறங்குபவர்கள் நாம். கோடை விழாவின் நெரிசலில் நோயாளியைக் கீழே கொண்டு செல்ல வேண்டியவர்களும், கோடையில் குடத்தோடு காத்திருப்பவர்களும், விடுதிகளின் குப்பை வந்து சேரும் ஓடையருகில் வாழ்பவர்களும் நாமும் நம் அண்டை வீட்டு மலையாளி மக்களும் தோட்டத் தொழிலாளர்களுமே. நம் மலை, 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. அந்தக் காப்பு ஏட்டில் நிற்பதும் நிலத்தில் நிற்பதும், இங்கே வாழ்வோர் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.

இரண்டாவது தொடர்பு தண்ணீர். இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. காவிரி கடலைச் சேர்கிறது. புகாரீ ஷரீபில் பதிவாகியுள்ள கப்பல் உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மேல்தட்டில் சிலரும் கீழ்த்தட்டில் சிலரும் பயணிக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே செல்ல வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று எண்ணித் தம் பகுதியிலேயே ஓட்டையிட முனைந்தார்கள். அவர்களை விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களின் எண்ணம் தீயதன்று என்பதாகும். தேவை உண்மையானது, நோக்கமும் நல்லது, ஆனால் கப்பலில் உள்ள மற்றவர்களைக் கேட்கவில்லை. நல்ல நோக்கமே ஓட்டையை அடைத்துவிடாது. நாம் மேல்தட்டில் இருக்கிறோம்; நாம் இடும் ஓட்டையும் கீழே உள்ளவர்களைப் பாதிக்கும் என்பதை மறவாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கிராம சபைக்குச் செல்லுங்கள். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. நம் மாவட்டம் உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரின் பதவி முடியும். கிராம சபை முடிவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத நாட்களில்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையைத் தீர்மானமாகப் பதியச் செய்து, படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். தீர்மானம் என்ன ஆயிற்று என்பதை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும்.

மூன்றாவது, சற்றுக் கசப்பானது. மையவாடிக்குச் செல்லும் பாதை பழுதானால் நம்மில் நூறு பேர் திரண்டு மனுக் கொடுக்கிறோம். அடுத்த தெருவில் பிற சமயத்துச் சகோதரரின் குழாயில் மாதக்கணக்கில் நீர் வராதபோது எத்தனை பேர் சென்றோம்? தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் கூட்டாளிகள் என்று போதித்த நபியின் உம்மத் நாம். நமக்காக மட்டும் பேசினால் நம் குரலை ஒரு சாராரின் குரல் என்று எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். ஊருக்காகப் பேசினால் ஊரே நம்மோடு நிற்கும்.

நான்காவது, பெண்களைக் கேளுங்கள். நொச்சிக்குப்பத்தின் சந்தை பெண்களுடையது. நம் ஊரின் தண்ணீர்க் குடமும் அவர்கள் இடுப்பில்தான் இருக்கிறது. ஊராட்சிப் பதவிகளில் அவர்களுக்குப் பாதி இடத்தைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. கூட்டத்தில் அவர்கள் பேசுவதற்கு நாம் வழிவிட வேண்டும்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபாவின் ஆளுநர் தம் மாளிகைக்கு வாசற்கதவு அமைத்து மக்களிடமிருந்து விலகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, கலீஃபா தூதரை அனுப்பி அக்கதவையே எரிக்கச் செய்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. நம் காலத்தில் கதவுகளை எரிக்க வேண்டியதில்லை. அது சட்டத்திற்கும் ஒழுக்கத்திற்கும் புறம்பானது. தட்டினால் போதும். ஆனால் எவரும் தட்டாத கதவு திறக்கவில்லையே என்று வீட்டில் அமர்ந்து வருந்துவதில் பயனில்லை.

யா அல்லாஹ்! எங்கள் மலையையும், அதன் நீரையும், இங்கு வாழும் எல்லாச் சமய மக்களையும் பாதுகாப்பாயாக! கடலோரத்தில் உழைத்து உண்ணும் அந்த மக்களின் வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வாயாக! எங்களை ஆளுவோருக்குக் கேட்கும் செவியையும், எங்களுக்கு நீதியோடு பேசும் நாவையும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.