மன்னித்தல் யாருக்குரியது?

(எளாவூரில் கூடிய நம் குலத்தார் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



மன்னித்தலைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறும்படி பணிக்கப்பெற்றோம். பழவேற்காட்டு ஏரியை நம்பிப் பிழைக்கும் நமக்கு இஃது ஏட்டுப் பொருளன்று. நீரின்மேல் வரப்புக் கட்ட இயலாமையின், இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடுக என்று பாடு முறையை முன்னோர் வகுத்தனர். முறை பிசகினாற் சண்டை விளைகின்றது. பஞ்சாயத்தார் கூடி அபராதம் விதிக்கின்றனர். பணம் கட்டியதும் வழக்குத் தீர்ந்தது என்கின்றோம். ஆயினும் அவ்விரு வீட்டாரும் நன்மைக்கும் தீமைக்கும் ஒருவர் வாயிலை ஒருவர் மிதியாமலே ஒரு தலைமுறை கழிந்துவிடுவதுண்டு. வழக்குத் தீர்வது வேறு, நெஞ்சு ஆறுவது வேறு.

நெஞ்சு எவ்வாறு ஆறுகின்றது என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்ததொன்றைக் கூறுவோம். 1991-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையானார். அருகிருந்தோர் பலரும் உடன் மாண்டனர். அவ்வழக்கில் நளினி என்பார்க்கு விதித்த மரண தண்டனையை 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் சிறையிலே ஒரு பெண் மகவை ஈன்றிருந்தார். கணவனையிழந்த சோனியா காந்தியே அவருயிரைக் காக்க வேண்டினார். 2000-ல் அத்தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று.

இதனினும் அரியது பின்னர் நிகழ்ந்தது. தந்தை மாண்டபோது 19 வயதினராயிருந்த மகள் பிரியங்கா, 2008-ம் ஆண்டு மார்ச்சு 19-ந் தேதி வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியை நேரிற் கண்டார். ஊரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. செய்தி பிற்பாடே வெளிவந்தது. தமக்கு நேர்ந்த கொடுமையோடும் இழப்போடும் அமைதி காண்பதற்கே சென்றதாக அவர் சொன்னார். கவனியுங்கள்: குற்றமில்லை என்று சொல்லவில்லை, சிறைக்கதவைத் திறக்கும்படியும் செல்லவில்லை. தம் புண்ணை ஆற்றிக்கொள்ளச் சென்றார். அதற்கு ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆயின. தமையனார் ராகுலும் 2018-ல் சிங்கப்பூரிற் பேசுகையில், பல்லாண்டு வருந்திச் சினந்திருந்த பின்னரே முற்றும் மன்னித்தோம் என்றார்.

ஆனால் அந்த இரவில் உற்றாரை இழந்த பிற குடும்பங்களும், உடல் சிதைந்து பிழைத்தோரும் உளர். 2022-ம் ஆண்டு நவம்பரில் நளினி முதலானோர் விடுதலை பெற்றபோது, அவருட் சிலர் அதனை ஏற்கவில்லை. அவர்களைக் கல்நெஞ்சரென்று கூற நமக்கு யாதொரு உரிமையுமில்லை. ஒருவர் மன்னித்தமையாலே மற்றவர் கடன் தீர்ந்துவிடாது. பட்டவரே மன்னித்தற்குரியவர், அதுவும் அவர் வேளை வந்தபோது.

இங்கேதான் நம் பெரியதனக்காரர் தவறுகின்றனர். வலை அறுபட்டு முதலிழந்தவனைச் சபை நடுவே நிறுத்தி, "பெரிய மனசு பண்ணப்பா" என்று கையைப் பிடித்துச் சேர்த்துவிடுகின்றோம். அவன் சபைக்கஞ்சித் தலையசைக்கின்றான். நாமோ சமாதானம் ஆயிற்றென்று வெற்றிலை போட்டுக் கலைகின்றோம். அன்றிரவு அவன் உறங்கினானாவென்று கேட்பாரில்லை. பெண்களுக்கு இழைத்த தீங்கிலோ இவ்வவசரம் இன்னும் கொடிது. குடும்ப மானத்தின் பேரால் அவர்கள் வாயையே அடைத்துவிடுகின்றோம்.

ஆதலின் பஞ்சாயத்தார்க்கு எம் வேண்டுகோள் இவ்வளவே: நட்டத்தை முற்றும் வாங்கிக் கொடுங்கள், தவறினவன் தன் வாயால் தவற்றைச் சொல்லும்படி செய்யுங்கள். மன்னிக்கும்படி மட்டும் எவரையும் ஏவாதீர்கள். சில மாதம் சென்றபின், ஒரு பெரியவர் தனியே அவ்வீட்டுத் திண்ணைக்குச் சென்று, மனம் எப்படியிருக்கிறதென்று கேட்டு வரட்டும்.