மணிக்கட்டில் பத்து லட்சம் ஓம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே ஒரகடம் வரை கிளைவிடும் தொழிற்பகுதியில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைபேசி, சார்ஜர், சலவை இயந்திரம் எனப் பலவகைப் பொருள்கள் உருவாகின்றன. ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் இப்பொருள்கள் அனைத்தும் ஓர் இயற்பியல் அளவை நம்பியே செய்யப்படுகின்றன. பள்ளிப் பாடநூலில் ஒரு சிறு அத்தியாயமாக வந்து, தேர்வு முடிந்ததும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடும் மின்தடையே அந்த அளவு.

ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை, அதன் வழியே பாயும் மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அதன் மின்தடை. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்த உறவை விளக்கியபோது, அவருடைய நாட்டு அறிஞர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்லி பதக்கம் வழங்கிய பிறகே அவருடைய உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைத்தது. இன்று மின்தடையின் அலகு அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

தமிழில் இதற்கு வாய்த்த பெயரில் ஒரு சிறு குறை உண்டு. தடை என்ற சொல்லைக் கேட்டவுடன், வேண்டாத ஒன்று வழியில் வந்து நிற்கிறது என்றே மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் இந்தத் தொழிற்பகுதிக்கு அருகே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை யாரும் தண்ணீருக்குத் தடை என்று சொல்வதில்லை. ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தே வெளியேறும் நீரின் அளவை முடிவு செய்கின்றன. நீர்மட்டத்தின் இடத்தில் மின்னழுத்தத்தையும், மதகின் இடத்தில் மின்தடையையும், வெளியேறும் நீரின் இடத்தில் மின்னோட்டத்தையும் வைத்துப் பார்த்தால் ஓம் விதியின் சாரம் விளங்கிவிடும். இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லிவிடுவதே நேர்மை: மதகுக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் இரு மடங்கானால் வெளியேறும் நீர் ஏறத்தாழ 1.4 மடங்கே ஆகிறது; மின்தடையின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் இரு மடங்கானால் மின்னோட்டமும் சரியாக இரு மடங்காகிறது.

பொருளுக்குப் பொருள் இந்த அளவு பெரிதும் வேறுபடுகிறது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.017 ஓம், அதே அளவுள்ள இரும்புக் கம்பியில் அது ஏறத்தாழ 0.1 ஓம், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியில் ஓர் ஓமுக்குச் சற்று மேல். மின்சாரத்தைக் கொண்டு செல்லச் செம்பும், நீரைச் சூடாக்கும் சுருளுக்கு நிக்ரோமும் தேர்ந்தெடுக்கப்படுவதன் காரணம் இந்த மூன்று எண்களிலேயே அடங்கியிருக்கிறது.

இரும்பின் இந்த இடைப்பட்ட தன்மையே கார் ஆலைகளின் அடித்தளம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. பொதுவாக ஒரு காரின் உடற்கூடு எஃகுத் தகடுகளை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒட்டவைத்து உருவாக்கப்படுகிறது. தொழிலாளர்கள் ஸ்பாட் வெல்டிங் என்று சொல்லும் இந்த முறையில் தீச்சுடரும் கிடையாது, பற்றவைக்கும் கம்பியும் கிடையாது. இரண்டு செம்பு முனைகள் இரண்டு தகடுகளை இருபுறமிருந்தும் இறுகப் பிடிக்க, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் அவற்றின் வழியே செலுத்தப்படுகிறது.

செம்பு முனை, தகடு, தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடம், அடுத்த தகடு, மறுபக்கத்துச் செம்பு முனை ஆகிய எல்லாம் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால் இது தொடர் இணைப்பு. தொடர் இணைப்பில் எல்லா உறுப்புகளிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். அப்படியிருந்தும் எல்லா இடமும் ஒரே அளவில் சூடாவதில்லை. மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும் அளவுக்கு ஒவ்வொரு நொடியும் வெப்பம் பிறக்கிறது என்பது ஜூல் கண்ட விதி. ஆகவே மின்தடை மிகுந்த இடத்திலேயே வெப்பம் குவிகிறது. இரு தகடுகள் தொடும் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருப்பதால் தொடுகை முழுமையாக அமையாமல், அங்கே மின்தடை கூடுதலாகிறது. அது ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், பத்தாயிரம் ஆம்பியரில் அந்தச் சிறு இடத்தில் பத்துக் கிலோவாட் திறன் வெளிப்படுகிறது. செம்பு முனைகளுக்குள் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்க, நடுவே எஃகு உருகி, உறைந்து, ஒரு சிறு பொத்தானைப் போல இரு தகடுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. பல ஆயிரம் முறை அழுத்தப்பட்ட செம்பு முனை தட்டையாகி அகன்றுவிட்டால், மின்னோட்டம் பரந்த பரப்பில் சிதறி, ஒட்டு வலுவிழந்துவிடும். அதனால்தான் முனைகளை அவ்வப்போது சீவிச் சரிசெய்யும் வேலை உற்பத்திக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நேரம் வீணாவதாகத் தோன்றக்கூடிய இந்த வேலையில்தான் காரில் அமர்வோரின் பாதுகாப்பு இருக்கிறது.

பத்தாயிரம் ஆம்பியர் ஆண்ட இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டுச் செலுத்தும் உலகம் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு கைபேசி உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த வேதனையை இப்பகுதி மறக்கவில்லை; அந்த ஆலையை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019இல் அறிவிப்பு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் சார்ஜர், மின்சுற்றின் உறுப்புகள் மின்னோட்டத்தை எப்படி ஆள்கின்றன என்பதைக் கற்பிக்க மிகவும் ஏற்ற பாடநூல்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் என்பது பயனுறு (RMS) அளவே. திசை மாறி மாறிப் பாயும் அந்த மின்னழுத்தத்தின் உச்சம் 325 வோல்ட்டைத் தொடுகிறது. ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை அனுமதிக்கும் டையோடுகள் நான்கு சேர்ந்து அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன; மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து மெல்ல வெளிவிடும் மின்தேக்கி, அதன் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்கிறது. ஆனால் சார்ஜரைச் செருகும் அந்தக் கணத்தில் மின்தேக்கி வெறுமையாக இருப்பதால், அது வறண்ட ஏரியைப் போல மின்னோட்டத்தை வரம்பின்றி உறிஞ்ச முற்படுகிறது. பத்து ஓம் அளவுள்ள ஒரு சிறு மின்தடையாக்கியை, அதாவது வேண்டிய மின்தடையைத் தருவதற்கென்றே செய்யப்படும் உறுப்பை, அதன் வாசலில் வைத்தால் உச்சத்தில் செருகினாலும் மின்னோட்டம் 32.5 ஆம்பியரைத் தாண்டாது. பழுது நேர்ந்தால் தானே எரிந்து சுற்றைத் துண்டித்துவிடும் வகையிலும் இந்த மின்தடையாக்கியைச் செய்வதுண்டு.

மறுமுனையில் வெளிவரும் 5 வோல்ட்டைக் காத்து நிற்பவையும் மின்தடையாக்கிகளே. பல சார்ஜர்களில், ஒரே மதிப்புள்ள இரண்டு மின்தடையாக்கிகளைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் சரிபாதியாகப் பிரியும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, நடுப்புள்ளியில் 2.5 வோல்ட் இருக்கிறதா என்று ஒரு சில்லு (சிப்) இடைவிடாமல் கவனிக்கிறது. கூடினால் குறைக்கவும் குறைந்தால் கூட்டவும் அது ஆணையிடுகிறது. அந்த இரண்டில் மேலே உள்ளதன் மதிப்பு நூற்றில் ஒரு பங்கு கூடினாலே வெளிவரும் மின்னழுத்தம் ஏறத்தாழ அரை விழுக்காடு உயர்ந்துவிடும். கைபேசிப் பலகையில் பொருத்தப்படும் மின்தடையாக்கியோ ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. ஓர் அரிசிமணியின் மீது பலவற்றை அடுக்கிவிடலாம். அதைவிடச் சற்றுப் பெரியவற்றின் முதுகில் 103 என்று அச்சிட்டிருந்தால், பத்துக்குப் பின் மூன்று சுழியங்கள், அதாவது பத்தாயிரம் ஓம் என்று படிக்க வேண்டும்.

பலகையில் இந்த மின்தடையாக்கிகளோடு பொருத்தப்படும் நுண்ணிய சில்லுகளுக்குப் பெரும் பகை, அவற்றைக் கையாளும் மனித உடலில் நடக்கும்போதும் ஆடை உரசும்போதும் சேரும் நிலைமின்னூட்டம். உடலில் ஓராயிரம் வோல்ட் ஏறியிருந்தாலும் மனிதர் அதை உணர்வதில்லை. சில்லுகள் சிலவற்றுக்கோ நூறு வோல்ட்டே போதும். குளிரூட்டப்பட்ட கூடத்தின் வறண்ட காற்று இந்த மின்னூட்டம் தங்குவதற்கு மேலும் துணைபோகிறது. அதற்காகவே, பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி இந்த ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள், ரிஸ்ட் ஸ்ட்ராப் எனப்படும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். அதிலிருந்து செல்லும் சுருள் கம்பி அவர்களைப் பூமியோடு இணைக்கிறது.

வெறும் கம்பியால் இணைத்தால் மின்னூட்டம் இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பூமியோடு நேராக இணைக்கப்பட்ட ஒருவருடைய மறுகை தவறி 230 வோல்ட் கம்பியைத் தொட்டுவிட்டால், உடலின் மின்தடை ஓராயிரம் ஓம் என்று கொண்டால், 230 மில்லி ஆம்பியர் அவருடைய மார்பின் வழியே பாயும். அதில் சிறு பங்கே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமானது. ஆகவே அந்தச் சுருள் கம்பிக்குள் பத்து லட்சம் ஓம் மின்தடையாக்கி ஒன்று மறைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அது இருக்கும்போது அதே விபத்தில் பாய்வது 0.23 மில்லி ஆம்பியர். பெரும்பாலோர் உணரக்கூட முடியாத அளவு. உடலில் சேர்ந்த நிலைமின்னூட்டமோ இத்தனை பெரிய மின்தடையின் வழியேயும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வடிந்துவிடுகிறது. சில்லையும் அதைப் பொருத்தும் பெண்ணையும் ஒரே உறுப்பு ஒரே நேரத்தில் காக்கும் இந்த ஏற்பாடு, இத்தொழிற்பகுதியின் பெரிய இயந்திரங்கள் எதற்கும் குறையாத மதிப்புடையது.

ஷிப்ட் தொடங்குமுன் ஒவ்வொருவரும் பட்டையை அணிந்தபடி ஒரு சோதனைக் கருவியைத் தொட வேண்டும் என்பது இத்தகைய கூடங்களின் வழக்கம். தோல் வறண்டு தொடுகை நழுவியிருந்தால் மின்தடை மிகும். உள்ளிருக்கும் மின்தடையாக்கி பழுதாகிக் குறுக்கிணைப்பு ஏற்பட்டிருந்தால் மின்தடை குறையும். இரண்டில் எது நேர்ந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். பட்டையை மாற்றி, மீண்டும் தொட்டு, பச்சை எரிந்த பிறகே அவர் லைனில் அமர்கிறார்.