பெயர்ப்பட்டியலும் ஒரு வாடகைக் காரும்

(வட்டார வள மையத்தில் நடந்த பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாரிப்புக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாமினல் ரோல் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு ஒரு சலிப்பு வருகிறது. பாடம் நடத்துவதுதான் ஆசிரியர் வேலை, பெயர் சரிபார்ப்பது எழுத்தர் வேலை என்று ஓய்வறையில் பேசிக்கொள்கிறோம். எழுத்தர் இல்லாத பள்ளிகளில் அந்த வேலை வகுப்பாசிரியரின் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, எமிஸ் தளத்தில் ஓர் எழுத்து, பிள்ளை நோட்டின் அட்டையில் இன்னோர் எழுத்து. இந்த நான்கையும் ஒன்றாக்குவதற்குள் மாலை நான்கரை மணி தாண்டிவிடுகிறது.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று எனக்கு முன் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். ஏன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஒரு விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடந்த கோடை விடுமுறையில், முறையாகத் துறை அனுமதி பெற்று, குடும்பத்தோடு மலேசியா போனோம். ஈப்போவில் இருக்கும் என் அம்மாவின் தங்கை வீட்டில் பேத்திக்குக் கல்யாணம். அம்மா, நான், என் கணவர், மகள், தம்பி, தம்பி மனைவி என்று ஆறு பேர். கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதனால் தம்பி பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு, ஏழு பேர் உட்காரும் வாடகைக் கார் ஒன்றை முன்பதிவு செய்திருந்தான். மாலை ஆறு மணிக்கு நலங்கு. நாங்கள் இறங்கியது பகல் ஒரு மணி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு வாடகைக் கார் நிறுவனத்தின் மேசைக்குப் போனால், "இந்தப் பதிவுக்கு வண்டி ஏற்கெனவே கொடுத்தாச்சே" என்கிறார்கள்.

தம்பியின் உண்மைப் பெயரை இங்கே சொல்ல வேண்டாம். விளங்குவதற்காக முருகன் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் அப்பா பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் செல்வராஜ், இட்ட பெயர் என்ற இடத்தில் முருகன். இந்தியக் கடவுச்சீட்டில் முன்னெழுத்து மட்டும் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே முன்பதிவுப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்பியிருக்கிறான். அதில் எந்தப் பிழையும் இல்லை.

நிறுவனத்தின் அன்றைய பட்டியலில் குடும்பப் பெயர் முழுதாகவும், சொந்தப் பெயர் ஒரே எழுத்தாகவும் வருமாம். அதன்படி தம்பியின் பதிவு ஆங்கிலத்தில் 'செல்வராஜ் எம்' என்று நின்றிருக்கிறது.

அதே விமானத்தில் வந்த இன்னொருவர், அவரும் நம் ஊர்ப்பக்கத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயரே செல்வராஜ், தந்தை பெயர் மாணிக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் என்ன இருக்கும்? 'செல்வராஜ் எம்' என்றுதான் இருக்கும். அவரும் அதே நிறுவனத்தில் ஒரு சிறிய கார் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதிவோ பட்டியலில் 'மாணிக்கம் எஸ்' என்று இருந்திருக்கிறது. எங்களுக்கு முன்னால் அவர் மேசைக்கு வந்து உரிமத்தை நீட்டியதும், மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. எங்கள் வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மேசையில் இருந்த பெண் மலேசியத் தமிழர். விஷயம் அவருக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆனது. பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இதுல எது உங்க தம்பி பேரு, எது உங்க அப்பா பேரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

ஆனால் வண்டி அதற்குள் மலாக்கா பாதையில் பாதி தூரம் போய்விட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவர் கைப்பேசியை எடுக்கவில்லை. அது நல்ல பழக்கம்தான். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்திய பிறகே எடுத்துப் பேசினார். விடுமுறைக் காலம் என்பதால் எங்களுக்குக் கொடுக்க வேறு பெரிய வண்டி இல்லை. அவர் திரும்பி வரும்போது ஐந்து மணியை நெருங்கிவிட்டது. "சின்ன கார்தான் கேட்டேன். பெருசா குடுத்தாங்களே, ஏதோ சலுகைன்னு நெனச்சுட்டேன் சார்" என்று தம்பியிடம் வருத்தப்பட்டார். அவர் மேலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நாங்கள் ஈப்போ போய்ச் சேர்ந்தது இரவு எட்டரை மணி. நலங்கு முடிந்து பாய் சுருட்டிவிட்டார்கள். தங்கையின் பேத்திக்குத் தன் கையால் சந்தனம் பூச வேண்டும் என்று கடல் தாண்டி வந்த எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. மறுநாள் முகூர்த்தம் நன்றாகவே நடந்தது. ஆனாலும் அந்த நலங்கைப் பற்றி அம்மா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் தன் அடையாள அட்டையைக் காட்டினார். அவர் பெயருக்கும் அவருடைய தந்தை பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' என்று இருந்தது. அனாக் பெரெம்புவான், அதாவது மகள். ஆண் என்றால் 'ஏ/எல்', அனாக் லெலாக்கி, மகன். "எங்க ஐசியில இந்தக் குழப்பம் வராது அக்கா. இன்னார் மகள் இன்னார்னு அதுலயே இருக்கும்" என்றார்.

நான் சமூக அறிவியல் ஆசிரியர். ஊர் திரும்பிய பிறகு இதை ஒரு பாடமாகவே யோசித்துப் பார்த்தேன். இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, குடும்பப் பெயர் இல்லாதது நமக்கு ஒரு குறை அல்ல. அது நாம் தெரிந்தே எடுத்த முடிவு. 1929-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் நம் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் சாதி ஒட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும். நம் பிள்ளைகளின் பெயரில் அது தெரியாது. ஆகவே வெளிநாட்டுப் படிவத்தில் 'சர்நேம்' கேட்கிறார்கள் என்பதற்காகச் சாதிப் பெயரைச் சேர்க்கலாமா என்று எந்தப் பெற்றோராவது கேட்டால், தேவையில்லை, தந்தை பெயரையோ தாய் பெயரையோ விரித்து எழுதினால் போதும் என்று நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த பர்மாக்காரரை ஊ தாண்ட் என்று படித்திருக்கிறோம். 'ஊ' என்பது மரியாதைச் சொல். அவர் பெயர் தாண்ட் மட்டும்தான்.

இரண்டாவது, உலகத்தின் இயந்திரங்கள் நம் வழக்கத்தை அறியாதவை. கடவுச்சீட்டின் படம் உள்ள பக்கத்தில், அடியில், வரிக்கு 44 எழுத்துகளாக இரண்டு வரிகள் இருக்கும். அதில் குடும்பப் பெயர் முதலில், பிறகு இரண்டு அம்புக்குறிகள், பிறகு இட்ட பெயர். எந்த நாட்டு இயந்திரமும் அந்த வரிசையில்தான் படிக்கும். இட்ட பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயரோடு போகிறவருக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ' என்று அச்சிடுகிறார்கள். முதல் பெயர் தெரியாதவர் என்று அதற்குப் பொருள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகுதான் தளர்த்தினார்கள். நம் மாவட்டத்திலிருந்து வளைகுடா போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஒரு சின்ன விஷயம் கவனித்தீர்களா? முருகன், மாணிக்கம் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'எம்' என்ற ஒரே எழுத்து. தமிழில் எழுதினால் மு., மா. என்று வேறு வேறு. செ., சு., ச., ஷ. நான்கும் ஆங்கிலத்தில் 'எஸ்' ஆகிவிடுகின்றன. பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் நம் அரசு ஆணை வெளியிட்டது. மொழிப்பற்று ஒருபுறம் இருக்கட்டும். ஆளை ஆளிடமிருந்து பிரித்துக்காட்டும் வேலையையும் தமிழ் முன்னெழுத்து கூடுதலாகச் செய்கிறது.

எங்களுக்குப் போனது மூன்று மணி நேரமும் ஒரு நலங்கும்தான். எங்களிடம் கடவுச்சீட்டு இருந்தது, கேட்டுப் பேசத் தெம்பு இருந்தது, எதிரில் தமிழ் தெரிந்தவர் இருந்தார். பதினேழு வயதில், கல்லூரிச் சேர்க்கை நாளில், தனியாக ஒரு மேசைக்கு முன்னால் நிற்கும் நம் மாணவியை நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். "இது நீதானா?" என்று கேட்டால் அவள் யாரை அழைப்பாள்? அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். இ-சேவை மையம், வட்டாட்சியர் அலுவலகம் என்று அலைய வேண்டும். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாமல் நிற்கும். அச்சான சான்றிதழைத் திருத்துவது எவ்வளவு நீண்ட வேலை என்று இங்கிருக்கும் தலைமை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அச்சாவதற்கு முன்னால் அந்த எழுத்து நம் கையில்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது ஒரு தாளில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் மூன்றையும் தனித்தனி வரியில், தமிழிலும் ஆங்கிலத்திலும், முன்னெழுத்துச் சுருக்கம் இல்லாமல் பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். தாயின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் கூடுதல் கேள்வி எதுவும் கேட்பதில்லை.

இரண்டு, பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைக்கிறோம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கான ஆவணம் அதுதான் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. அந்தக் குழந்தைகள் இன்னும் சில ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். சில பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. பதிவு செய்து ஓராண்டு வரை கட்டணம் இல்லாமலும், பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பார்த்துச் சொன்னால் நேரம் தாராளமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பார்த்தால் காலக்கெடு வாசலில் நிற்கிறது.

மூன்று, பெயர்ப்பட்டியலை மாணவரே பார்க்க வேண்டும். ஒவ்வொருவரையும் அழைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, பிறகு கையெழுத்து வாங்குகிறோம். முப்பத்தெட்டு பேருக்கு இரண்டு பாடவேளை போதுமானதாக இருந்தது. அதில் ஐந்து பிழைகள் வெளிவந்தன. ஒரு மாணவி, "டீச்சர், இது எங்க அக்கா பேரு" என்றாள்.

நான்கு, வகுப்பில் ஒரு படிவம் நிரப்பும் பயிற்சி. 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டங்கள் வரைந்து கொடுத்தேன். முப்பத்தெட்டு பேரில் பாதிப் பேர் அப்பா பெயரை முதல் கட்டத்தில் எழுதினார்கள். முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வருவதால் அதுதான் 'ஃபர்ஸ்ட்' என்பது அவர்கள் விளக்கம். நியாயமான விளக்கம்தான். அதன்பிறகு அவர்களுக்குச் சொன்னேன்: முதல் கட்டம் உன்னைக் கூப்பிடும் பெயர், கடைசிக் கட்டம் உன் அப்பா அல்லது அம்மா பெயர், எந்த ஆவணத்தை முதலில் எடுத்தாயோ அதே எழுத்தை அடுத்த ஆவணத்திலும் எழுது. ஆங்கில ஆசிரியரும் இதைத் தன் பாடவேளையில் செய்யலாம்.

இது கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. நம் மாணவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள், எந்த மேசைக்கு முன்னால் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அங்கே நாம் கூட இருக்கப்போவதும் இல்லை. அவர்கள் நீட்டும் தாளில் இருப்பது மட்டும் நாம் சரிபார்த்த எழுத்தாக இருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன், நாளை முதல் பாடவேளையில் வருகைப் பதிவேட்டை எடுக்கும்போது, பிள்ளைகளின் முழுப் பெயரையும் ஒருமுறை வாசித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் இருந்தால் அவர்களே கை தூக்குவார்கள்.